பிணம் இல்லாத பன்னிரண்டு அத்தியாயம்

மருந்துக்கடைக்காரிக்கு ஒரு கர்வம் உண்டு. இருபத்தாறு துப்பறியும் நாவல்களில் ஒன்றில்கூட அவள் கொலைகாரனைக் கோட்டை விட்டதில்லை. அட, எழுதுகிறவளுக்கே ஆள் யாரென்று தெரியாதா என்கிறீர்களா? அவள் எழுதுவது பின்பாதிதான்.

முதல் பன்னிரண்டு அத்தியாயம் அண்ணியுடையது. அண்ணிக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. தினமும் நாலு பொய்சாட்சி காதில் விழும், கதைக்கு என்ன பஞ்சம்? கொலையைச் செய்து, தடயங்களைத் தூவி, தாள்களை மாடியிலிருந்து கீழே அனுப்பிவிடுவாள். செய்தது யாரென்று மூச்சு விடமாட்டாள். கீழ்வீட்டு நாத்தனாரான இவள்தான் ஆளைப் பிடித்து மீதியை எழுத வேண்டும். பதிப்பாளரோ அட்டையில் ஒரு ஆம்பளைப் பெயரைப் போட்டுவிட்டார். "மீசை வெச்சவன் எழுதினாத்தான் பயப்படுவாங்களாம்" என்று அண்ணி சிரிப்பாள்.

மருந்துக்கடைக்காரி கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். கடை, வீடு, அண்ணி. அவ்வளவுதான் அவள் உலகம். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று குடைவார்கள். அண்ணி மாடியேறி, கதையில் எவனையாவது விஷம் வைத்துத் தீர்த்துவிடுவாள். விஷத்தின் அளவை மட்டும் நாத்தனாரிடம் கேட்டுக்கொள்வாள்.

இருபத்தேழாவது நாவலின் தாள்கட்டு ஒரு ஞாயிறு காலையில் கீழே வந்தது. பன்னிரண்டு அத்தியாயத்திலும் பிணமே இல்லை. இதென்ன கூத்து என்று திரும்பப் படித்தாள். கதையில் ஒருத்தி, குழந்தை வேண்டிப் பதினோரு வருஷமாக மாத்திரை விழுங்குகிறாள். தலைசுற்றல், வாந்தி, கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. பன்னிரண்டாவது அத்தியாயத்தில் புருஷனின் பழைய பரிசோதனை ரிப்போர்ட் கிடைக்கிறது, கூடவே ஒரு மருந்துச் சீட்டும். குறை அவனிடம். கல்யாணமான மறுவருஷமே அவனுக்குத் தெரியும். கடைசி வரியில் கேள்வி: தெரிந்தும் வாய் திறக்காத இன்னொரு ஆள் யார்?

மருந்துக்கடைக்காரிக்குப் புரிந்துவிட்டது, இது அண்ணியின் சொந்தக் கதை. அண்ணனின் சீட்டு அவள் கடைக்குத்தான் வந்தது. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்று அண்ணன் கெஞ்சியதும் அங்கேதான். அண்ணியின் மாத்திரைகளை மாதாமாதம் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். இப்போது பழியை யார் தலையிலாவது கட்டிவிடலாம். கதையில் ஒரு மாமியார் இருந்தாள். மாமியார் என்றால் வாசகர்கள் சாட்சியே கேட்கமாட்டார்கள். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தாள். பிறகு கிழித்துப் போட்டுவிட்டு மாடியேறினாள்.

"நான்தான் அண்ணி."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவர் சொல்லாதது வெக்கம். அது புரியுது. நீ ஏன் சொல்லலை?"

அண்ணன் கெஞ்சியதைச் சொல்லலாம். ஒருத்தர் சீட்டை இன்னொருத்தரிடம் காட்டக்கூடாது என்று தொழிலைக் காரணம் காட்டலாம். வாயில் வந்தது உண்மை.

"தெரிஞ்சா நீங்க போயிடுவீங்கன்னு பயந்தேன். அப்புறம் எனக்கு யாரு இருக்கா? யாரோட எழுதுவேன்?"

அண்ணி சட்டையைக் கீழே வைத்தாள். "போயிருக்க மாட்டேன்டி. நாம ரெண்டு பேரும் ஒரு நாள் உக்காந்து அழுதிருப்போம். மறுநாள்லேருந்து அந்த மாத்திரை இல்லாம நிம்மதியா இருந்திருப்பேன்."

அடுத்த மாதம் மாடி காலியானது. அண்ணி புருஷனை மன்னித்து, கூடவே கூட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோனாள். நாத்தனாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.