கல்யாண வண்டிக்கு ட்ரிப்

தெலுங்கு நாட்டுத் திருமுல்கேரியின் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணம் என்றால், பெண் கோயிலுக்குப் போவது என் பெரியப்பா இருதயராஜின் வெள்ளை அம்பாசடரில்தான். அதில் போன எந்தப் பெண்ணும் அழுதுகொண்டு திரும்பி வந்ததில்லை என்று ஒரு நம்பிக்கை. பாதிரியாருக்கு இது பிடிக்காது. ஆனால் அவருடைய தங்கையும் அதில்தான் போனார்.

பெரியப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் சம்பளப் பிரிவில். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முந்திய நாள் வண்டிக்கு அடியில் படுப்பார். பின்சக்கரங்களுக்கு நடுவே இரும்புப் பூசணி போலத் தொங்கும் டிஃப்ரன்ஷியலின் மேல்மூடியைக் கழற்றி, ஆள்காட்டி விரலை உள்ளே விடுவார். விரலில் ஆயில் பட்டால் பெண் புறப்படலாம். அந்த கியர் ஆயிலின் நாற்றம் சோப்புக்குப் போகாது. கல்யாண பிரியாணியை அவர் ஸ்பூனால்தான் சாப்பிடுவார்.

இந்தத் தடவை மணப்பெண் பிளெசி, அவருடைய ஒரே தங்கையின் மகள். குகட்பள்ளி மாப்பிள்ளை வீட்டார் கறுப்பு எஸ்யூவி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தும், மாமா வண்டியில்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றாள். அந்தச் சந்தோஷத்தில் பெரியப்பா வெறும் விரலோடு நிறுத்தாமல், பழைய ஆயிலையே மாற்றிவிடுவது என்று தீர்மானித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கீழ்மூடியைத் திறந்தார். கறுப்பு ஆயில் முழுக்கத் தட்டில் இறங்கியது. கீழ்மூடியை இறுக்கிவிட்டு, புது ஆயில் ஊற்ற மேல்மூடிக்கு ஸ்பேனர் போட்டார். அது அசையவில்லை. டார்ச் பிடித்திருந்த நான், மூடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிக் கிடப்பதைக் காட்டினேன்.

பெரியப்பா ஸ்பேனரைத் தரையில் வைத்தார். போன கல்யாணத்துக்குப் பிறகு அங்கே லேசாகக் கசிந்ததாம். குளியலறைக் குழாய்க்கு வாங்கிய பசை வீட்டில் மிச்சம் இருந்ததாம்.

சுத்தியலும் மண்ணெண்ணெயும் தோற்றன. ஸ்பேனர் வழுக்கி மூடியின் முனைகள்தான் மழுங்கின. மேல்மூடி திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழ்மூடியைத் தொட வேண்டும் என்று மெக்கானிக் கோபி போனில் அறிவுரை சொன்னார். அவர் விஜயவாடாவில் இருந்தார்.

பெரியம்மா ஜெமிமா, ஓய்வுபெற்ற நர்ஸ், வந்து குனிந்து பார்த்தார். "கைக்கு இந்த வேலை உங்களுக்கு?" எங்கள் ஊர் உருதுவில் கைக்கு என்றால் எதற்கு.

"ஒழுங்கா மூடியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

அச்சின் மேல்புறத்தில் இருந்த சின்னத் துவாரத்தைக் காட்டி அது என்ன என்று பெரியம்மா கேட்டார். சூட்டில் உள்ளே அடைபடும் காற்று வெளியேற வைத்தது, வண்டி மூச்சுவிடும் ஓட்டை என்றார் பெரியப்பா.

"அப்போ நரம்பு கெடச்சிடுச்சு" என்று பெரியம்மா உள்ளே போனார்.

ரத்தம் ஏற்றும் தடித்த குழாயோடு திரும்பினார். திறந்த டிக்கியில் புது ஆயில் பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயின் மறுமுனையை அந்தத் துவாரத்தில் செருகி, ஆயில் இளகுவதற்கு வெந்நீர்ப் பையைச் சுற்றினார். சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

ட்ரிப் ஏறுகிற வீட்டுக்குப் போகாமல் இருப்பது எங்கள் ஜனங்களுக்கு முடியாத காரியம். ஏறுவது காருக்கு என்று தெரிந்தேதான் வந்தார்கள். பக்கத்து வீட்டு நாகம்மா ஆரஞ்சுப் பழங்களைப் பின்சீட்டில் வைத்தார். நான் போன ஊர்களில் எத்தனையோ வண்டிகள் நடுவழியில் நின்றிருக்கின்றன. எதையும் யாரும் நலம் விசாரித்ததில்லை. மாலையில் ஜெபக்கூட்டத்தார் வந்து பானெட்டின் மேல் கைவைத்துக் கண்களை மூடினார்கள்.

"அங்க இல்லைங்க, நோவு பின்னாடி" என்றார் பெரியப்பா. எல்லோரும் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள்.

சனிக்கிழமை, மாப்பிள்ளையின் சித்தப்பா மேத்யூ எஸ்யூவியோடு வந்தபோதும் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிளெசி முழு அலங்காரத்தில், கையில் பூச்செண்டோடு, டிக்கியின் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், பேஷண்ட் எப்போது டிஸ்சார்ஜ் என்று மேத்யூ கேட்டார்.

பெரியப்பா பாட்டிலைப் பார்த்தார். பிறகு பிளெசியைப் பார்க்காமல், "நீ அதுலயே போம்மா" என்றார்.

"நக்கோ மாமா, வேணாம். பாதி ட்ரிப்ல விட்டுட்டுப் போறது என்ன மரியாதை?"

மேத்யூவும் ஒரு ஸ்டூல் கேட்டார்.

கடைசிச் சொட்டு இறங்கியதும் பெரியம்மா குழாயை உருவினார். பழக்கதோஷத்தில் துவாரத்தின் மேல் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். பெரியப்பா பாய்ந்து பிய்த்தார்.

"அடைக்காத ஜெமி, அது மூச்சுவிடணும்."

"இப்பவாவது தெரிஞ்சுதே."

மேல்மூடி திறக்காததால் விரல்விட்டு அளவு பார்க்க வழியில்லை. ஆயில் குறைவாக இருந்தால் டிஃப்ரன்ஷியல் ஊளையிடும், அதைக் காதால்தான் கேட்க வேண்டும். எனவே பெரியப்பா, முன்னால் போன பேண்டு வாத்தியக்காரர்களை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிரம்பெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் மௌனமாக நடக்க, பின்னால் அம்பாசடர் ஊர்ந்தது. எதிரே வந்த ஆட்டோக்காரர் ஒருவர் ஏதோ துக்கம் என்று நினைத்து ஓரமாக நிறுத்தி நெற்றியைத் தொட்டுக்கொண்டார். வண்டி ஊளையிடவில்லை.

கோயில் வாசலில் பிளெசி இறங்கியதும் பெரியப்பாவைக் காணவில்லை. கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் பிளெசி சிரிக்கிறாள், பாதிரியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருவருக்கும் நடுவே, வண்டியின் அடியிலிருந்து பளபளக்கும் இரண்டு கறுப்பு ஷூக்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதை எடுத்த நேரத்தில்தான் அடியிலிருந்து குரல் வந்தது: "ஒழுகல, போலாம்."