துரைக்குத் தெரிந்த தமிழ்

துபாய் அல் குசைஸில் எங்கள் கம்பெனி முதலாளி ஒரு வெள்ளைக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பக்கம் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர். அவர் எழுதிய டைரிகளைக் குடும்பத்துக்காகப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். நடுநடுவே தமிழ் வருகிறது, அது சரிதானா என்று பார்த்துச் சொல் என்றார். ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விசா புதுப்பிக்கிற மாதம் வேறு. முடியாது என்று சொல்வேனா?

டியூட்டி முடிந்ததும் மூன்று வாரம் துரையோடுதான் குடித்தனம். இருபத்துமூன்று வயதில் கப்பலேறி வந்தவர், சப் கலெக்டராகக் குதிரையில் சுற்றி, நாற்பதுக்குள் ஜட்ஜாகிவிட்டார். வெயில் ஏறினால் மலைக்கு ஓடிவிடுவார். வாத்துச் சுட்ட கதை பக்கம் பக்கமாக இருக்கிறது. தூக்குப் போட்டதற்கு ஒரு வரி. தமிழ்ப் பரீட்சையில் பரிசு வாங்கியவராம். அதனால் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரைச் சும்மா உட்கார வைத்துவிட்டுத் தானே விசாரிப்பார். அதில் அப்படி ஒரு பெருமை. கடைசியில் பட்டம், பென்ஷன், சொந்த ஊரில் ரோஜாத் தோட்டம், தூக்கத்திலேயே சாவு. கொடுத்து வைத்த மனுஷன்.

அந்த டைரியில் ஒரு கொலை வழக்கு. பிள்ளையில்லாத கிழவர் ஒருவர் கிணற்றில் செத்துக் கிடந்திருக்கிறார். எரித்து எல்லாம் முடிந்த பிறகு யாரோ மொட்டைக் கடுதாசி போட, அவருடைய தம்பி மகனைப் பிடித்துவிட்டார்கள். கூண்டில் அவன் சொன்னதைத் துரை தன் கையாலேயே தமிழில் எழுதி வைத்திருந்தார்.

“பிள்ளையில்லாத மனுசன், தொரை. நாந்தான் அவருக்குக் காரியம் பண்ணுனேன்.”

அடியில் இங்கிலீஷில் அர்த்தம் எழுதியிருந்தார்: அந்தச் செயலைச் செய்தது நானே. வாரிசில்லாத சொத்துக்காகக் கொன்றான், தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. சென்னை ஹைகோர்ட்டுக்குப் போன காகிதத்தில் இந்த இங்கிலீஷ் மட்டும்தான் இருந்திருக்கிறது. அங்கேயும் தூக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தமிழ் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் வரைக்கும் ஒரு குறையில்லாமல் செய்ததைத்தான் அந்தப் பாவி சொல்லியிருக்கிறான். எங்கப்பா செத்தபோது எனக்கு லீவ் கிடைக்கவில்லை. தம்பிதான் காரியம் பண்ணினான். போனில் அவன் சொன்னதும் இதே வார்த்தைதான்.

ரூமில் எனக்கு மேல் கட்டிலில் படுக்கும் புதுக்கோட்டைக்காரரிடம் சொல்லிப் பொருமினேன்.

“யோவ், தொரையும் செத்தாச்சு, அவனும் செத்தாச்சு. கலாஸ். ஒன் விசா உசுரோட இருக்கணும்ல, அதப் பாருய்யா” என்றார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவன் கொலைகாரன் இல்லை என்று ஒரு ஆளாவது எழுதி வைக்க வேண்டாமா? அரைப்பக்கத்துக்கு இங்கிலீஷில் விளக்கம் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். கோபமே இல்லை, சிரித்தார். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற கதையாம் அது. அகராதியை என் பக்கம் திருப்பினார். காரியம் என்றால் செயல் என்றும் அர்த்தம் உண்டா, இல்லையா என்று கேட்டார். உண்டு என்றேன். அப்படியென்றால் கொள்ளுத்தாத்தா எழுதியது தப்பில்லையே என்றார்.

மேசையில் என் விசா பாரம் இருந்தது. வேண்டுமென்று வைத்திருந்தாரோ, தற்செயலோ, தெரியாது. பேசியபோதெல்லாம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிதான் சார்” என்றேன்.

என் அரைப்பக்கத்தை மடித்து மரியாதையாக என்னிடமே கொடுத்துவிட்டு, டைரி நகலை நீட்டினார். தமிழ் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துரைக்காவது அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது.