உப்பு லாரிக்கு அடிக்கிற காற்று

பத்தொன்பது வருடம் மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டியவன் நான். உப்பு கனம் அதிகம் என்பதால், டயர் கல்லு மாதிரி ஆகும்வரை காற்றடிப்போம். அளவெல்லாம் பார்த்ததில்லை. இரும்புக் கம்பியால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பெரிய சுற்றுலா வேனுக்கு டிரைவரானேன். அதற்கும் அதே கம்பி, அதே காற்று.

ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனேன். உச்சி வெயிலில், உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. கைக்குழந்தை வீறிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். மாடு தப்பியது, முன்சக்கரம் உப்புப் பாத்தியின் விளிம்பில் போய் நின்றது.

எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த பாய் ஓடிவந்தார். டயரில் காற்றை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“ஏம்பா, உப்பா ஏத்திட்டு வர்ற? இவ்ளோ காத்து அடிச்சா டயர் எப்படி ரோட்டப் புடிக்கும்? எவ்ளோ வைக்கணும்னு கதவுலயே ஒட்டியிருக்குது, பாக்கலியா?”

நான் பார்த்ததே இல்லை.

அதற்குள் குழந்தையின் தாய் இறங்கி வந்து என்னைக் கும்பிட்டாள்.

“அண்ணா, நீங்கதான் எங்கள காப்பாத்துனீங்க.”

பாய் என்னையே பார்த்தார். நான் ‘ஆமாம்’ என்பதுபோல் அவளுக்குத் தலையாட்டினேன்.

இப்போது கேஜ் வைக்காமல் காற்றடிப்பதில்லை. பாய் திட்டியது அன்றைக்கே ஆறிவிட்டது. அவள் கும்பிட்டதுதான் இன்னும் சுடுகிறது.