சிவப்புத் துணி கட்டிய இரண்டு சாக்கு

எங்கள் எண்ணெய் மில்லில் ஒரே ஒரு சட்டம்தான். அவரவர் கொண்டுவரும் கொப்பரையை அவரவருக்கே ஆட்டிக் கொடுப்போம். எவ்வளவு குறைவாக இருந்தாலும் இன்னொருவருடையதோடு சேர்க்க மாட்டோம். கரண்டும் நேரமும் வீணாகிறது என்று, துபாயை விட்டு ஊருக்கு வந்த நாள் முதல் என் வீட்டுக்காரர் புலம்புகிறார். புலம்பட்டும். அதைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டியது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன மாசம், பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி சின்னச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சில வீடுகளில், இறந்தவர்களைத் தோட்டத்தில் எரித்த இடத்தில் ஒரு தென்னங்கன்று நடுவார்கள். அவர் மனைவிக்காக நட்ட தென்னை இப்போதுதான் காய்த்திருக்கிறது.

"மொத காய் பாத்துக்கிடுங்க. ஒண்ணுகூட கறிக்கு எடுக்கல்ல. அவ திதிக்கு இந்த எண்ணெயிலதான் வெளக்கு கொளுத்தணும். எங்களுக்குப் பிள்ளையும் இல்ல. என்னய விட்டா அவளுக்கு வேற யாரு செய்வா?" என்றார்.

சாக்கின் மேல் கரித்துண்டால் திதி நாளை எழுதியிருந்தார்.

சாக்கு மாறிப் போகாமல் இருக்க, ஆளுக்கொரு நிறத்தில் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டுவது எங்கள் வழக்கம். நாலு நாள் கழித்துக் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கரி எழுத்து. அண்ணாச்சியுடையது. அந்தச் சாக்கை ஆட்டிய எண்ணெயை, இரண்டு நாளுக்கு முன்பே ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி வாங்கிப் போயிருந்தான். பிறந்து இருபது நாளான பிள்ளைக்குத் தேய்க்க. அவன் கொடுத்த கொப்பரையோ இன்னும் மூலையில் அப்படியே இருந்தது.

செக்கில் வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். "கண்ண எங்க வச்சிருந்த? துணியப் பாத்து எடுக்கத் தெரியாதா, சவம்!"

அவள் இரண்டு சாக்கையும் என் முன்னால் போட்டாள். இரண்டிலும் சிவப்புத் துணி. இரண்டும் நான் போட்ட முடிச்சு. அன்றைக்கு போனில் பேசிக்கொண்டே கட்டியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது லேசில் வருகிற காரியம் இல்லை.

"ஏட்டி, மூலையில கெடக்கத ஆட்டிக் குடுத்திரு. எண்ணெயில பேரா எழுதியிருக்கு? எதுக்கு அந்த மனுசன் மனச நோவடிக்க?" என்றார் வீட்டுக்காரர்.

ஒரு நிமிஷம் அது நியாயமாகக்கூடத் தோன்றியது. ஆனால் அண்ணாச்சி அந்த விளக்கின் முன்னால் நின்று மனைவியிடம் பேசுவாரே. அங்கே என் பொய்யும் சேர்ந்து எரிய வேண்டுமா? ஆட்டோத் தம்பிக்கு போன் போட்டேன்.

"அக்கா, ரெண்டு நாளா அதத் தேச்சுத்தான் குளிப்பாட்டுதோம். மிச்சத்த இப்பமே கொண்டு வரட்டா?" என்றான்.

மறுநாள் அண்ணாச்சி பளபளவென்று விளக்கிய ஒரு தூக்குவாளியோடு வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மிச்ச எண்ணெயை வாங்கித் தருகிறேன் என்றேன். வாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கோபத்தில் இரண்டு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஆம்பிளப் பிள்ளையா, பொம்பிளப் பிள்ளையா?" என்று கேட்டார்.

"பொம்பிளப் பிள்ள அண்ணாச்சி."

"தேச்சதுக்கு அப்பறம் தோலுல தடிப்பு ஒண்ணும் பொங்கல்லியே? கொஞ்சம் கேளுங்க."

அவர் எதிரிலேயே போன் போட்டேன். தோல் பட்டுப் போல இருக்கிறதாம், குளித்த கையோடு பிள்ளை உறங்குகிறதாம். சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ மிச்சத்த வாங்காண்டாம். அங்கயே இருக்கட்டும்," என்று வாளியை என்னிடம் நீட்டினார். "அந்தப் பிள்ளைக்கு வச்ச கொப்பரைய ஆட்டி இதுல ஊத்துங்க. அவ வெளக்குக்கு அது போரும்."