வெர்னாவின் மழைக்கோட்டு

வெர்னா ஹோல்கம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தால் எங்கள் பண்ணையில் யாரும் அவளோடு விளையாடக் கூடாது. ஆப்பிள்கேட் பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு மழை பெய்யாத ஆகஸ்டிலும் அந்தப் பழுப்புக் கோட்டோடு முன்வாசல் வழியாக வருவாள். வருகை ஏட்டில் பெயர் எழுதுவாள். "மாநில ஆய்வுக்கு வந்திருக்கேன். இங்கே பொறுப்பு யாரு?" என்பாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் வெர்னா இல்லை, இன்ஸ்பெக்டர். காலையில் அவள் கொடுத்த ரொட்டியைத் தின்றவனிடமும் "உங்க அடையாள அட்டை எங்கே?" என்றுதான் கேட்பாள்.

மாநில உரிமத்தோடு கஞ்சா வளர்க்கும் இந்தப் பண்ணைக்கு வருமுன் பேரிக்காயைப் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் பத்தொன்பது வருடம் நின்றவள். அங்கே ஆய்வாளர் வந்தபோதெல்லாம் நல்ல வேலைக்காரர்கள்தான் உளறினார்கள் என்பாள். சோம்பேறிக்கு வாய் திறக்கவும் சோம்பல். நல்லவன்தான் கேட்காததற்கும் பதில் சொல்லி மாட்டிக்கொள்வான். இங்கே சேர்ந்ததும் மாநில விதிப்புத்தகத்தைச் சமையலறை மேசையில் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தாள். படித்ததை எங்களுக்குப் பாடமாக நடத்தியதில்லை. கோட்டைப் போட்டு வந்து கேட்பாள், கழற்றியபின் எங்கே தவறினோம் என்று சொல்வாள். நான் உலர்த்தும் அறையில் தராசு பார்ப்பவன். ஒருமுறை எடை கேட்டபோது "சுமாரா ஒன்பது பவுண்டு" என்றேன். கோட்டு கழன்றதும் வந்தாள்.

"தராசுப் பக்கத்துல நின்னுக்கிட்டு சுமாராங்கிறியே, வெக்கமா இல்லை உனக்கு?"

மெல்ல மெல்ல எல்லாரும் தேறினோம். ஆரின் டாக்கெட் மட்டும் தேறவில்லை.

ஆரினுக்கு அறுபத்திரண்டு வயது. இலையைத் திருப்பிப் பார்த்தே செடிக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் வருமுன் முப்பது வருடம் மலையில் முள்புதர்களுக்கு நடுவே வளர்த்தவர். ஒருமுறை பிடிபட்டுச் சிறைக்கும் போனார். அந்தக் காலத்தில் நூறு செடி என்றால் ஐந்து வருடம் உள்ளே. அதனால் மலையில் யாரும் நூறு என்று வாயால் சொல்லமாட்டார்கள். எத்தனை இருந்தாலும் தொண்ணூற்றொன்பதுதான்.

போன ஏப்ரலில் நிஜ இன்ஸ்பெக்டர் கேட்டபோதும் ஆரின் அதையே சொன்னார். அறையில் இருந்தவை நூற்று முப்பத்திரண்டு, ஒவ்வொன்றிலும் மாநிலத்தின் எண் சீட்டு. மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் எல்லா அறைகளையும் எண்ணினார்கள். எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. முதலாளி வெர்னாவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அவரை வெச்சுக்க முடியாது" என்றார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு, சிறைக்குப் போன ஆளை வேறு எந்தப் பண்ணை எடுக்கும்?

கோடை முழுக்க வெர்னா அவருக்காகவே கோட்டு போட்டாள்.

"ஐயா, இந்த அறையில எத்தனை செடி இருக்கு?"

"தொண்ணூத்தொன்பது."

கோட்டைக் கழற்றி எறிவாள். "யோவ், பலகையில நூத்தி இருபத்தாறுன்னு உம்ம கையாலதானே எழுதி வெச்சிருக்கீரு!"

"தெரியும் தாயி. வாய் முந்திக்குது."

"வாயைத் தெச்சு விடவா?"

"தெச்சா கை சொல்லும்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மனப்பாடம் செய்ய வைத்தாள். காகிதத்தில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தாள். கோட்டைக் கண்டதும் எல்லாம் பறந்துவிடும். செப்டம்பரில் ஒருநாள் மான்கறி வற்றலை மென்றுகொண்டிருந்தவள், "தப்பு என்னோடது" என்றாள் என்னிடம். "நம்பரைச் சொல்லச் சொன்னா பழைய நம்பர்தான் வரும். அவருக்கு நம்பரே வேண்டாம்."

மறுநாள் பயிற்சி மாறியது. எத்தனை என்று கேட்டால் ஆரின் வாய் திறக்குமுன் முதல் வரிசைச் செடியைத் தொடவேண்டும். தொட்டபின், "வாங்க, சேர்ந்து எண்ணுவோம்." செடியில் கை பட்டால் அவர் நிதானத்துக்கு வந்துவிடுவார் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

அக்டோபரில், அறுவடை மும்முரத்தில், நிஜ இன்ஸ்பெக்டர் வந்தார். சிறு வயதுப் பெண், கோட்டு கூட இல்லை. வெர்னா இரண்டடி பின்னால் நின்றாள். கேட்கப்பட்டவர்தான் பேசவேண்டும் என்பது அவள் வைத்த விதி.

"இங்கே எத்தனை செடி, ஐயா?"

ஆரினின் உதடு அசைந்தது. "தொண்" என்றது என் காதிலேயே விழுந்தது. கை நீண்டு இலையைத் தொட்டது.

"ஞாபகத்துலேர்ந்து சொல்லமாட்டேன் மேடம். வாங்க, சேர்ந்து எண்ணுவோம்."

நூற்றுப் பதினேழு வந்தது. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பட்டியலில் நூற்றுப் பதினெட்டு. வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆரின் ஒரு கணம் பின்வாசலைப் பார்த்தார். பிறகு கழிவு வாளியிடம் நடந்தார்.

"காலையில ஒண்ணுல பூஞ்சை பிடிச்சிருந்தது. நான்தான் வெட்டினேன். கேமரா முன்னாடி எடை போட்டாச்சு. கம்ப்யூட்டர் கணக்குல ஏத்த மறந்துட்டேன். அது என் தப்பு."

வாளியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். எடை என் ஏட்டில் இருந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "இன்னிக்குள்ள ஏத்திடுங்க" என்று சொல்லி அடுத்த அறைக்குப் போனார்.

இன்ஸ்பெக்டரின் வண்டி கிளம்பியபின் ஆரின் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். வெர்னா பக்கத்தில் உட்கார்ந்து வற்றல் பொட்டலத்தை நீட்டினாள்.

"எனக்காக எத்தனை தடவை அந்தக் கோட்டைப் போட்டிருப்பே?"

"தொண்ணூத்தொன்பது" என்றாள். "சரி, எந்திரியும். அந்தச் செடியைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."