முதுகில் ஒட்டிய பச்சை

மதராசில் டிராம் நிற்பதற்கு முந்தின மார்கழி. ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவர் கடற்காற்றில் உப்புப் பூத்து, தொட்டாலே உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் அப்படியே விட முடியாது. தையில் என் தங்கைக்குக் கல்யாணம் வைக்க அப்பா எண்ணியிருந்தார்.

மாப்பிள்ளை யானைக்கவுனிப் பாத்திரக்கடைக்காரரின் மகன். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பெரியவர்கள் பெண் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை மணவறையில்தான் பார்ப்பது எங்கள் வழக்கம். தங்கை ஒப்பவில்லை.

“என்னைப் பார்க்கணும்னுகூடத் தோணாத ஆளுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேம்ப்பா.”

“வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்கு மாத்தணும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு” என்றார் அப்பா.

கடலில் மீன்பாடு இல்லாத நாட்களில் சுண்ணாம்பு அடிக்க வருகிற குப்பத்துக்காரர் ஒருவர் வேலையைத் தொடங்கினார். பழைய பூச்சைச் சுரண்டி, தேங்காய் நாரால் உப்பைத் தேய்த்துக் கழுவி, விரிசல்களில் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்தார். தங்கை தேர்ந்தெடுத்த நிறம் கிளிப்பச்சை.

“கலர்ப் பொடி சொவத்துல புடிக்கணும்னா வஜ்ரம் காச்சி ஊத்தணும்மா” என்றார் அம்மாவிடம்.

“வஜ்ரம்னா?”

“மாட்டு எலும்பு, தோலு காச்சி எடுக்குற பசைம்மா.”

வெங்காயத்தையே யோசித்துச் சேர்ப்பவள் அம்மா. “எலும்புக் கூழா? எஞ் சொவத்துலயா? பொங்கலும் அதுவுமா! கஞ்சி வச்சுத் தாரேன், ஊத்திக்கிடும்.”

“வெள்ளைக்குக் கஞ்சி தாங்கும், கலருக்குத் தாங்காது. முதுவ வச்சா முதுவுல வரும். அப்பால என்னைக் கேக்கக் கூடாது.”

“எங்க வீட்ல யாரும் சொவத்துல சாய மாட்டாக!”

கஞ்சிதான் ஊற்றப்பட்டது. சந்துப் பக்கச் சுவர் முதலில் முடிந்தது. மறுநாள் காலை அது காய்ந்து பளபளத்துக்கொண்டிருக்க, வாசல் சுவரில் வேலை நடந்தது. தங்கை தெருவில் நின்று துடைப்பக்குச்சியால் சுட்டிக்காட்டி அதிகாரம் செய்தாள்.

“அண்ணே, ஜன்னலுக்கு மேல விட்டுட்டீங்க!”

ஏணியிலிருந்து சுண்ணாம்புக்காரர் திரும்பினார். “இன்னாம்மா, நான் எறங்கிக்கிறேன், நீ ஏறிக்கினு அடிக்கிறியா?”

“ஏணியப் பிடிங்க, ஏறுறேன்!”

தெருவே சிரித்தது. சந்து முனையிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. யாரென்று நான் பார்க்கவில்லை.

அன்று மதியம் அப்பா என்னைப் பாத்திரக்கடைக்கு அனுப்பினார், வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுவர. கடையில் இருந்த மாப்பிள்ளை குடம் ஒன்றை எடுக்கத் திரும்பினார். வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை கிளிப்பச்சை.

கடைப் பணியாள் அப்போதுதான் அதைக் கண்டார். “இன்னா நைனா, முதுவுல கிளி ஒக்காந்துகினு கீது?”

“டிராம்ல ஒட்டியிருக்கும்.”

“டிராமுல ஏது நைனா சுண்ணாம்பு?”

மாப்பிள்ளையின் கண் என் சட்டைக் கையில் போய் நின்றது. என் முழங்கையிலும் அதே பச்சை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காது மடல் சிவக்க, பணியாளுக்குக் கேட்காத குரலில் அவர் கேட்டார்:

“அப்புறம், ஏணில ஏறுனாங்களா?”

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை சந்து முனைக்கு ஓடினாள். அங்கே நின்று எட்டிப் பார்த்தால் வாசல் முழுதும் தெரியும். தோள் உயரத்தில் சுவர் தேய்ந்து வெளுத்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே போய் அப்பாவிடம், “வெத்தலை மாத்துங்கப்பா” என்றாள்.

மறுநாள் சுண்ணாம்புக்காரர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டார். “எவனோ நல்லா சாஞ்சுகினு நின்னுகிறான். ஒரு கை போட்டுர்றேன்.”

“அத மட்டும் தொடாதீங்கண்ணே” என்றாள் தங்கை.

அவர் அம்மாவைப் பார்த்தார். “யாரும் சாய மாட்டாங்கன்னியேம்மா?”

அம்மா அசரவில்லை. “எலும்புக் கூழ ஊத்தியிருந்தா, வந்து நின்னது தெரிஞ்சிருக்குமாய்யா?”