பால் குடிக்காத மாப்பிள்ளை

நான் பால் குடிப்பதை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு வைக்கோல் கன்றுக்குட்டி.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தேன். பத்தாவது வரை படித்தவன். பாத்திரங்களில் பெயர் வெட்டுவது என் வேலை. கைக்குள் அடங்குகிற ஒரு மெஷின் உண்டு. 'விர்ர்' என்று கத்தும். கல்யாணத்துக்கு வாங்கிப்போகும் தூக்குவாளி, தாம்பாளம், குத்துப்போணி எல்லாவற்றிலும் யார் யாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று அதை வைத்துப் புள்ளி புள்ளியாக எழுத வேண்டும். வாயைத் திறக்காமல் பார்க்கக்கூடிய வேலை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் கடை அண்ணாச்சி, பெயர் வெட்டி முடித்த நான்கு பால்கேன்களைக் குறுக்குத்துறைப் பக்கம் ஒரு தொழுவத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பால்காரர் கறந்துகொண்டிருந்தார். பசுவின் முகத்துக்கு நேரே ஒரு கன்று நின்றது. பசு அதை நக்கிக்கொண்டே இருந்தது. கன்று மட்டும் அசையவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சிகளைக் காலாக வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு கண் இருந்த இடத்தில் வைக்கோல் எட்டிப் பார்த்தது.

"என்ன தம்பி அப்படிப் பாக்கீய? இது முன்னால நிக்கலன்னா மாடு சொரக்காதுல்லா" என்றார் பால்காரர்.

"அதுக்குத் தெரியாதா?"

"தெரியுமோ தெரியாதோ, பாலு வருது. கேன அங்கன பைய எறக்கி வையுங்க."

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கடையில் காப்பி வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தேன். வைக்கோல் கண் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன். மறுநாள் தயிர் போனது. அடுத்த வாரம் மோரும் நெய்யும் போயின. நாங்கள் சைவக் குடும்பம். முட்டை, கறியெல்லாம் முன்பே கிடையாது. இப்போது இப்படிச் சாப்பிடுவதற்கு 'வீகன்' என்று பெயராம். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் போனில் சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்த பெயர் 'கிறுக்கு' ஒன்றுதான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சாப்பாட்டில் எனக்குப் பெரிய கொண்டாட்டம் பிறந்துவிட்டது.

சந்திப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் மாடி அறை. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மூன்று பாத்திரம். பாத்திரங்கள் பெயர் தப்பாக வெட்டி நானே பாழாக்கியவை. அண்ணாச்சி என் தலையிலேயே கட்டிவிட்டார். அதுவரை ஓட்டல் சாப்பாட்டில் என் சம்பளம் மாதம் இருபதாம் தேதியோடு மூச்சை நிறுத்திவிடும். பிறகு பத்து நாள் டீயும் பன்னும்தான். பாலை விட்ட முதல் மாதம் சம்பளம் இருபத்தாறு வரை நடந்தது. இரண்டாவது மாதம் முப்பதைத் தொட்டது. பாக்கெட்டில் கை விட்டால் சில்லறை சத்தம் போட்டது. நான் அதைக் கேட்பதற்காகவே அடிக்கடி கையை விட்டேன்.

காலையில் நீத்தண்ணி. முந்தின இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிசைந்து, மோருக்குப் பதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். மத்தியானத்துக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். நெய்யை யார் தேடினார்கள்? தை மாதம் ராதாபுரம் பக்கத்திலிருந்து பனங்கிழங்கு வரும். நாலு கிழங்கை அவித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, நார் உரித்துத் தின்றால் ராத்திரிக்கு வேறு ஒன்றும் வேண்டாம். காப்பி ஆசை வந்தால் சுக்குத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி.

நயினார்குளம் சந்தைக்கு நான் பொழுது சாயத்தான் போவேன். அந்த நேரத்தில் மிஞ்சின காயைக் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கூறில் அடிபட்ட கத்தரிக்காய் மூன்று, ஒரு முருங்கைக்காய், பாதி வாழைக்காய், பெயர் தெரியாத ஒரு கீரை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அரிசி பருப்போடு ஒன்றாகப் போட்டால் கூட்டாஞ்சோறு. என்ன காய் வரும் என்று தெரியாமலே சமைக்கிற சுகம் இருக்கிறதே, அது பரிசுச்சீட்டு மாதிரி. தினமும் விழும் பரிசுச்சீட்டு.

தேங்காய்ப்பாலில் காப்பி போட்டும் பார்த்தேன். மேலே எண்ணெய் மிதந்தது. வாயில் வைத்தால் தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம் போலிருந்தது. மீதிப் பாலை வீணாக்க மனமில்லாமல் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, இஞ்சிச் சாறு விட்டுச் சொதி வைத்தேன். எங்கள் கல்யாணங்களில் மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்தே சொதிதான். கல்யாணமே ஆகாத ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து தனக்குத் தானே மாப்பிள்ளை விருந்து வைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன்.

தொல்லை எல்லாம் அடுத்தவர் கொடுக்கும் காப்பியில்தான் வந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே உள்ளே டம்ளர் சத்தம் கேட்கும். 'நான் பால் குடிப்பதில்லை' என்று சொன்னால் 'ஏன்' என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்கள். அது என்னால் ஆகாது. அதனால் "வயிறு சரியில்ல" என்று ஒரு வரி வைத்துக்கொண்டேன். ஓர் ஆண்டு முழுக்க அதையே சொன்னேன். எனக்கு அல்சர் என்று டவுன் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"ஏலே, அல்சருக்குப் பாலுதாம்லே மருந்து!" என்று அண்ணாச்சி ஒருநாள் குளிர்ந்த பால் ஒரு செம்பு நிறைய வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் மெஷினைக் காதோடு வைத்து 'விர்ர்' என்று ஓட்டி, கேட்காதது போல இருந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு எல்லாம் பாளையங்கோட்டையில் இருந்த அக்காதான். அவளுக்கும் என் பால் விவகாரம் தெரியாது. சொன்னால் அழுவாள். பெண் சேரன்மகாதேவி. பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் கடையில் வந்து விசாரித்திருக்கிறார்கள். அண்ணாச்சி, "தங்கமான பய. வயிறு மட்டும் கொஞ்சம் கோளாறு" என்று உண்மையான அன்போடு சொல்லி அனுப்பிவிட்டார்.

செங்கோட்டை பாசஞ்சரில் ஏறியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏல, நல்லாக் கேட்டுக்கோ. அவிய வீட்டுல போயி வயிறு சரியில்லன்னு மட்டும் சொன்ன, கொன்னுருவேன். சீக்காளிக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாவ."

என்னிடம் இருந்த ஒரே வரியும் போய்விட்டது.

எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில், பெண் பிடித்திருந்தால்தான் எதையும் வாயில் வைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் 'இப்பதான் சாப்ட்டு வந்தோம்' என்று எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாயால் யாரும் சொல்லுவதில்லை. ஆறிப்போன காப்பி சொல்லிவிடும்.

அந்த வீட்டில் முன்னறையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். கேசரியும் முறுக்கும் வந்தன. "எல்லாமே வீட்டுல உருக்குன நெய்யாக்கும்" என்றார் பெண்ணின் அம்மா, பெருமையாக. கேசரி மினுமினுத்தது. நான் தட்டைத் தொடவில்லை.

பிறகு பெண் காப்பியோடு வந்தாள். எல்லாருக்கும் குனிந்த தலையோடு கொடுத்தவள், என் முன்னால் வந்ததும் நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "சீனி போதுமான்னு பாத்துக்கிடுங்க" என்றாள். அப்படி ஒரு சாதாரணமான குரல். ஏதோ பத்து வருஷமாக எனக்குச் சீனி போட்டுக்கொண்டிருப்பவள் மாதிரி. எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. இந்தப் பெண்தான், வேறு யாரும் வேண்டாம் என்று உள்ளுக்குள் யாரோ கத்தினார்கள்.

இந்த ஒரு காப்பியைக் குடித்துவிடுவோம் என்று டம்ளரைத் தூக்கினேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். கீழே வைத்தேன். மறுபடி தூக்கினேன். மறுபடி வைத்தேன். பெண் உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். காப்பியில் ஆடை படிந்தது. அக்கா என் தொடையில் கிள்ளினாள். நன்றாகத் திருகிக் கிள்ளினாள்.

"காப்பி ஆறுதே" என்றார் பெண்ணின் அப்பா. குரலில் சுரத்தே இல்லை. "பரவால்ல. இப்பதான் சாப்ட்டு வந்திருப்பிய."

அவரே எங்களுக்காக அந்த வரியைச் சொல்லிவிட்டார். கதவோரம் வளையல் சத்தம் நகர்ந்து உள்ளே போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா பையை எடுத்தாள். 'பிடிச்சிருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு எங்கே இருந்தது? என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"சோறு இருக்கா?"

அக்கா எடுத்த பையோடு என் பக்கம் திரும்பினாள்.

"என்னது?" என்றார் பெண்ணின் அப்பா.

"சோறு. மத்தியானம் வச்சது. கொழம்பு ஏதாவது இருந்தாப் போதும்."

"ஏளா!" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த மெலிந்த உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "மாப்ள சோறு கேக்காவ! எல அறு, எல அறு!"

"நாலு மணிக்கா? கத்தரிக்கா புளிக்கொழம்புதான கெடக்கு! அதப் போயி மாப்ளைக்கு எப்படிப் போட?" என்று அம்மாவின் குரல் அடுக்களையில் அலைந்தது. "அப்பளமாவது பொரிக்கேன், பொறுங்க!"

நான் எழுந்தபோது அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நகையப் பத்தி ஒரு வார்த்த பேசல. அதுக்குள்ள சோத்துக்கு எந்திரிக்கியேல, பாவி!" என்றாள் காதுக்குள். நான் அவள் கையைப் பைய எடுத்துவிட்டு உள்கட்டுக்குப் போனேன்.

அம்மா அப்பளத்தில் இருந்ததால் பெண்தான் பரிமாறினாள். சோறு வைத்தாள். புளிக்குழம்பு ஊற்றினாள். எனக்கு இருந்த படபடப்பில் முதல் சோறு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவது தரம் வைத்தாள். அதுவும் போனது. மூன்றாவது வைக்கும்போது கேட்டாள்.

"நெய் ஊத்தட்டா?"

"வேண்டாம்."

"மோரு?"

"வேண்டாம்."

கரண்டி நின்றது. "காப்பி குடிக்கல. கேசரி தொடல. சோறு மட்டும் கேட்டு வாங்கித் திங்கிய. பொண்ணு புடிச்சிருக்கா, புடிக்கலையா? வெளங்குத மாதிரி சொல்லுங்க."

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். கேன் கொண்டுபோனது, பசு நக்கியது, வைக்கோல் கண், எல்லாம். இலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்; ஆனால் முழுவதும் சொன்னேன். கடைசியில் 'பிடிச்சிருக்கு' என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால் அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அல்சர் கெடையாதா?"

"கெடையாது."

"எங்கப்பா மூணு நாளா அந்த நெனப்புலயே ஒறங்கல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நா காப்பி குடிப்பேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அத விடச் சொல்லப்பிடாது."

"சொல்ல மாட்டேன்."

"நா குடிக்கும்போது மூஞ்சியச் சுளிக்கவும் பிடாது."

"சுளிக்க மாட்டேன்."

"அந்தக் கேசரி?"

"அதையும் நீங்களே..."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. புளிக்குழம்பு புரையேறி இருமினேன்.

"என்னம்மா?" என்று முன்னறையிலிருந்து அப்பா கேட்டார். பயந்த குரல். "மாப்ள என்ன சொல்லுதாவ?"

அடுக்களையில் அப்பளம் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். சோற்றுப் பானையைப் பார்த்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு கேக்காவப்பா!"

நான் கேட்கவில்லை. மூன்றாவது தரம் வைத்ததே தொண்டை வரை நின்றது. குழம்பை ஓரமாக ஒதுக்கி, இலையில் இடம் செய்து கொடுத்தேன்.